வாயாடிப் பிள்ளை வகுப்பில் வாய் திறக்காதபோது

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து பதினான்கு மாதங்களாகின்றன. மகனுக்கு ஆறு வயது. ஸ்காபரோவில் முதலாம் வகுப்புப் படிக்கிறான். வீட்டில் வாய் ஓயாத பிள்ளை, குழப்படியும் அதிகம். ஆனால் நவம்பரில் வந்த முன்னேற்ற அறிக்கையில் 'தன்முனைப்பு' என்ற இடத்தில் 'என்' என்றும், 'தனித்துச் செயற்படல்' என்ற இடத்தில் 'எஸ்' என்றும் போட்டிருக்கிறார்கள். கண்ணைப் பார்த்துக் கதைப்பதில்லை, கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறான், சில நாட்களில் அதுவும் இல்லை, எதையும் ஒருவர் சொல்லும்வரை காத்திருக்கிறான், சாப்பாட்டுப் பெட்டி நிரம்பியபடியே திரும்புகிறது என்று ஆசிரியை குறித்திருக்கிறார். பள்ளியின் ஆதரவுக் குழுவில் அவனைப் பற்றிக் கலந்து பேச வேண்டும் என்கிறார். 'எங்கள் பிள்ளைகளை அவர்களுக்குத் தெரியாது' என்று என் கணவர் கோபப்படுகிறார். இனி வீட்டில் ஆங்கிலம் மட்டும் கதைப்போம் என்றும் சொல்கிறார். பெரியவர்களுக்கு முன் அடக்கமாக இருப்பது ஒரு குறையா என்று மாமியார் கேட்கிறார். வீட்டில் நடப்பதைப் பள்ளிக்கூடத்தில் கதைக்கக் கூடாது என்று அவர் பிள்ளைக்குச் சொல்லி வைத்திருக்கிறார். சென்ற மாதம் ஒருநாள் கோபத்தில் அவன் கையில் அடித்துவிட்டேன். அது வெளியே தெரிந்தால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயம் எனக்கும் உண்டு. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பெயர் சொல்லிக் கேட்டால் பதில் சொல்கிறான். அவனுக்கு ஏதாவது குறைபாடா, அல்லது எங்கள் வளர்ப்பில் பிழையா?

– ஒரு தாய், ஸ்காபரோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். குறைபாடா, வளர்ப்புப் பிழையா என்று இரண்டில் ஒன்றைச் சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டும் இல்லை என்றே எனக்குப் படுகிறது. ஆனால் நேரில் காணாத ஒரு பிள்ளையைப் பற்றி அதற்கு மேல் உறுதி சொல்வது ஓர் உளவியலாளருக்கு அழகில்லை என்பதால், எந்த அறிகுறிகளைக் கண்டால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன் என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன். மாமியார் பிள்ளைக்குச் சொல்லி வைத்ததாக நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. அதற்கு வருமுன் அறிக்கையைப் பார்த்துவிடுவோம்.

ஒன்ராறியோ மாகாணத்தில் முதலாம் வகுப்பிலிருந்தே, பாடங்களுக்குப் புறம்பாக, ஆறு 'கற்றல் திறன்களும் வேலைப் பழக்கங்களும்' மதிப்பிடப்படுகின்றன: பொறுப்பு, ஒழுங்கமைப்பு, தனித்துச் செயற்படல், கூடிச் செயற்படல், தன்முனைப்பு, தன்னை நெறிப்படுத்தல். இவற்றுக்கு நான்கே எழுத்துகள்: 'ஈ' மிகச் சிறப்பு, 'ஜி' நன்று, 'எஸ்' திருப்தி, 'என்' முன்னேற்றம் தேவை. 'எஸ்' கண்டு நீங்கள் கலங்க வேண்டியதில்லை. 'என்' கவனத்துக்குரியதுதான், ஆனால், ஒக்ரோபர் 20க்கும் நவம்பர் 20க்கும் இடையில் வீட்டுக்கு வரும் இந்த முதல் அறிக்கை, செப்ரெம்பரில் வகுப்புத் தொடங்கிய பின்னான சில வாரங்களில் ஆசிரியை கண்டதை மட்டுமே சொல்கிறது. அந்த ஆறு தலைப்புகளில் பணிவு என்றோ, பொறுமையாகக் கேட்டிருத்தல் என்றோ ஒன்று இல்லை என்பதையும் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு பாலர் பாடசாலை ஆசிரியையிடம் ஆறு தலைப்புகள் எழுதித் தரச் சொல்லியிருந்தால் 'சொல்வழி கேட்டல்' முதலாவதாக வந்திருக்கும். உங்கள் மகன் அதில் 'ஈ' வாங்கியிருப்பான்.

விஜயதசமியன்று அவனுக்கு ஏடு தொடக்கியிருப்பீர்கள். பெரியவர் ஒருவர் பிள்ளையை மடியில் இருத்தி, அதன் விரலைத் தன் கைக்குள் பிடித்து, தட்டில் பரப்பிய அரிசியில் 'அ' எழுதுவிக்கிறார். விரல் பிள்ளையுடையது, அசைவு பெரியவருடையது. படிப்பு என்றால் மூத்த கை ஒன்று வந்து தன் கையைப் பிடிக்கும் என்று, சொல் விளங்குமுன்பே அந்தப் பிள்ளை அறிந்துகொள்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் மாணவனுக்கு வகுத்த முறையும் இதையொட்டியதே: 'இருவென இருந்து சொல்லெனச் சொல்லி', சித்திரத்தில் எழுதிய பாவை போல அடங்கி, செவியே வாயாகவும் நெஞ்சே கொள்கலமாகவும் கேட்க வேண்டும். உங்கள் மகன் ஸ்காபரோவில் நன்னூல் சொன்ன மாணவனாக உட்கார்ந்திருக்கிறான்.

ஆசிரியையோ வேறொரு பள்ளியில் வளர்ந்தவர், வேறொரு பாடத்திட்டத்தில் பயிற்சி பெற்றவர். 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஒன்ராறியோவின் பாலர் வகுப்புத் திட்டம் விளையாட்டையும் தேடிக் கேட்பதையும் அடித்தளமாகக் கொண்டது. பிள்ளை கட்டைகளிடம் போகிறதா, மணல் தொட்டிக்குப் போகிறதா, எதை எடுக்கிறது, எதைக் கேட்கிறது என்று பார்த்து, ஆசிரியர் அதன் பின்னால் போக வேண்டும். அங்கே பழகிய பிள்ளைகள்தான் இப்போது உங்கள் மகனுடன் முதலாம் வகுப்பில் இருக்கிறார்கள். ஆகவே, பிள்ளை தொடங்கட்டும் என்று ஆசிரியை காத்திருக்கிறார். ஆசிரியை தொடங்கட்டும் என்று பிள்ளை காத்திருக்கிறான். இருவரும் மரியாதை காரணமாகத்தான் காத்திருக்கிறார்கள். அந்த இடைவெளிதான் அறிக்கையில் 'என்' என்ற எழுத்தாக விழுந்திருக்கிறது என்பது என் ஊகம்.

இது வெறும் சமாதானம் இல்லை என்பதற்கு மூன்று ஆய்வுகளைச் சொல்கிறேன். சின்யின் சென், கெனத் ரூபின் ஆகியோர் 1992இல் வெளியிட்ட ஆய்வில், சீனாவிலும் கனடாவிலும் கூச்ச சுபாவமுள்ள பள்ளிப் பிள்ளைகளைச் சக மாணவர்கள் எப்படி மதிக்கிறார்கள் என்று ஒப்பிட்டார்கள். கனடாவில் கூச்சமுள்ள பிள்ளை ஒதுக்கப்பட்டது. சீனாவில் அதே கூச்சமும் அடக்கமும் விரும்பப்பட்டன. பின்னர் சென்னும் அவருடைய குழுவினரும் ஷங்காயில் 1990, 1998, 2002 ஆகிய ஆண்டுகளில் எடுத்த தரவுகளை ஒப்பிட்டபோது, பொருளாதாரம் மாறி நகரம் போட்டி நிறைந்ததாக ஆக, அங்கேயே கூச்சத்தின் மதிப்பு சரிந்து, 2002இல் அது பிள்ளைக்குப் பாதகமாகிவிட்டதைக் கண்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் பிள்ளைகளின் இயல்பு தலைகீழாகியிருக்க முடியாது. அதை அளந்த ஊர்தான் மாறியது. மூன்றாவது, ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 1999இல் வெளியிட்டது. அமெரிக்காவில் ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குச் சொற்புதிர்கள் கொடுத்தபோது, ஆங்கிலேய வழிவந்த பிள்ளைகள் தாமே தெரிந்தெடுத்த புதிரில் அதிக ஊக்கம் காட்டினார்கள். ஆசிய வழிவந்த பிள்ளைகளோ 'உன் அம்மா உனக்காகத் தெரிந்தெடுத்தது' என்று சொல்லிக் கொடுத்த புதிரில் அதிக ஊக்கம் காட்டினார்கள். இவற்றில் எதிலும் தமிழ்ப் பிள்ளைகள் தனியாக ஆராயப்படவில்லை. அதனால் அளவுக்கு மீறி இவற்றை நீட்டக் கூடாது. ஆயினும், 'நீயே தெரிந்தெடு' என்று சொல்வது எல்லாப் பிள்ளைக்கும் ஒரேயளவு பரிசாகத் தோன்றுவதில்லை என்பதை உங்கள் மகனின் ஆசிரியை அறிந்திருப்பது நல்லது.

இனிச் சின்ன விஷயங்கள். என் அனுபவத்தில் பெரிய மனத்தாங்கல்கள் இவற்றிலிருந்துதான் கிளம்புகின்றன. கண்டிக்கும்போது பெரியவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கிற பிள்ளையிடம் நாம் என்ன சொல்கிறோம்? 'என்ன முறைக்கிறாய்?' என்கிறோம். இங்குள்ள ஆசிரியர் அதே நேரத்தில் 'நான் பேசும்போது என்னைப் பார்' என்பார். நிலம் பார்த்து நிற்கும் உங்கள் பிள்ளை மரியாதை காட்டுகிறான். பார்ப்பவருக்கு அது அக்கறையின்மையாகவோ குற்ற உணர்வாகவோ தெரிகிறது. விளங்கியதா என்று கேட்டால் நம் பிள்ளைகள் தலையை இருபுறமும் மெல்லச் சாய்ப்பார்கள். நமக்கு அது 'ஓம்'. பழகாத கண்ணுக்கு அது 'இல்லை', அல்லது 'தெரியாது'. ஆசிரியையின் பெயரைச் சொல்வது மரியாதைக் குறைவு என்று எண்ணி 'ரீச்சர்' என்று மட்டும் கூப்பிடுவான். இங்கே பெயரைச் சேர்த்துக் கூப்பிடுவதே மரியாதை.

'தாங்கோ' என்ற சொல்லையும் கவனியுங்கள். தண்ணீர் 'தா' என்பதற்கும் 'தாங்கோ' என்பதற்கும் உள்ள தூரம் முழுவதையும் நம் வினைமுற்றே சுமந்துகொள்கிறது. தனியாக ஒரு கெஞ்சற்சொல் தேவைப்படுவதில்லை. பிள்ளை அதை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது அந்த 'ங்கோ' வழியிலேயே விழுந்துவிடுகிறது. அதன் இடத்தில் 'ப்ளீஸ்' வர வேண்டும் என்று ஒருவரும் அவனுக்குச் சொல்லாவிட்டால், மிகுந்த பணிவோடு கேட்ட பிள்ளை அதிகாரம் செய்கிற பிள்ளையாகக் காதில் விழுவான். (இந்த நாட்டில் பிறந்த என் மகள் நான்கு வயதில், சாப்பாட்டு மேசையில், நான் ஒருபோதும் 'ப்ளீஸ்' சொல்வதில்லை என்று என்னைத் திருத்தினாள். அன்று எனக்கு வந்தது கோபம். இந்த விளக்கம் பிறகுதான் வந்தது.)

ஆனால் பண்பாடு என்ற ஒரு சொல்லை வைத்து எல்லாவற்றையும் மூடிவிடவும் கூடாது. உங்கள் கணவரின் கோபத்தில் நியாயம் இருந்தாலும், ஆசிரியை கண்டது பொய் என்று ஆகிவிடாது. ஒரு பிள்ளை நாள் முழுவதும் பசியோடும் பேச்சில்லாமலும் இருந்தால், காரணம் எந்த நாட்டுப் பழக்கமாயினும், அது அந்தப் பிள்ளைக்குக் கஷ்டம். ஆகவே முதலில் காது. இங்கே பிறக்கும் குழந்தைகளுக்குச் செவித்திறன் பரிசோதனை உண்டு. உங்கள் மகன் இங்கே பிறக்கவில்லை. குடும்ப வைத்தியரிடம் சொல்லிச் செவித்திறனைப் பரிசோதியுங்கள். கண் பரிசோதனையை இருபது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை மாகாண மருத்துவக் காப்புறுதி ஏற்கிறது; அதையும் செய்துவிடுங்கள்.

அடுத்தது மொழி. புதிய மொழிக்குள் வந்த சிறு பிள்ளைகள் பல மாதங்கள் கேட்பதையே தொழிலாகக் கொண்டு அமைதியாக இருப்பது வழக்கமானது. அதிலிருந்து வேறானது, 'செலக்ரிவ் மியூற்றிசம்' என்று மருத்துவம் பெயரிட்டிருக்கும் பதற்ற நிலை. வீட்டில் தாராளமாகப் பேசுகிற பிள்ளைக்கு, வெளியே சில இடங்களில், விரும்பினாலும் பேச்சு வராமல் போகும். இரண்டையும் பிரித்தறிய ஒரு நல்ல கேள்வி உண்டு: தமிழ் பேச வாய்ப்புள்ள வெளியிடத்தில் அவன் பேசுகிறானா? சனிக்கிழமை வகுப்பில் பெயர் சொன்னால் பதில் சொல்கிறான் என்ற உங்கள் செய்தி எனக்கு ஆறுதல் தந்தது. பள்ளி இடைவேளையில் தமிழ் தெரிந்த பிள்ளை யாருடனாவது ஓடி விளையாடிச் சத்தமிடுகிறானா என்று ஆசிரியையிடம் கேளுங்கள். ஆம் என்றால் பொறுத்திருக்கலாம். கோயிலிலும் உறவினர் வீட்டிலும் தமிழில்கூடக் குரல் எழவில்லை, கேட்கும்போது உடம்பு விறைக்கிறது, சிறுநீர் வந்தாலும் கேட்க முடியாமல் அடக்கிக்கொண்டிருக்கிறான் என்று தெரியவந்தால், அப்போது பொறுக்க வேண்டாம். அது சீக்கிரம் கவனித்தால் நன்கு குணமாகக்கூடியது, தாமதித்தால் இறுகிவிடும்.

இப்போது நான் சொன்ன அந்த வரிக்கு வருகிறேன். 'வீட்டில் நடப்பதைப் பள்ளிக்கூடத்தில் கதைக்கக் கூடாது.' பெரியவர்களாகிய நமக்கு இதன் எல்லை தெரியும்: அடித்ததைச் சொல்லாதே, காசுக் கதை சொல்லாதே, சண்டையைச் சொல்லாதே. ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த எல்லை எங்கே இருக்கிறது? முதலாம் வகுப்பில் திங்கட்கிழமை காலை என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் கம்பளத்தில் வட்டமாக அமர்ந்திருக்க, வார இறுதியில் என்ன செய்தீர்கள் என்று ஆசிரியை ஒவ்வொருவராகக் கேட்பார். உனக்குப் பிடித்த சாப்பாடு என்ன, உன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், உன் குடும்பத்தை வரைந்து காட்டு, வீட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டுவந்து அதைப் பற்றிச் சொல் என்றெல்லாம் இந்த வகுப்பின் பேச்சுப் பயிற்சி முழுவதும் வீட்டைச் சுற்றியே ஓடும். பிள்ளையை அந்நியமாக உணரவிடாமல், அவனுக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் கேட்கப்படும் கேள்விகள் இவை. உங்கள் மகனுக்கோ ஒவ்வொரு கேள்வியும் அப்பம்மா அடைத்து வைத்த கதவில் தட்டுவதாக இருக்கும். சொல்வழி கேட்கும் பிள்ளை என்ன செய்வான்? வாயை மூடிக்கொள்வான். சனிக்கிழமை வகுப்பில் கேட்பது எழுத்தையும் பாட்டையும்; அங்கே அவனுக்குத் தடை இல்லை, பதில் சொல்கிறான். இது ஊகமே, ஆயினும் நீங்கள் தந்த விவரங்களோடு மற்றெதையும்விட நன்றாகப் பொருந்தும் ஊகம்.

உங்கள் மாமியாரை நான் குறை சொல்லவில்லை. சிறுவர் பாதுகாப்பு நிறுவனமான 'சில்ரன்ஸ் எயிட்' பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடும் என்ற பேச்சு இந்த நகரத்தில் நம்மவர் வீடுகளில் நெடுங்காலமாகச் சுற்றுகிறது. சீருடை அணிந்தவர்கள் வந்து பிள்ளைகளை அழைத்துச் சென்ற நினைவுகளோடு வந்த தலைமுறைக்கு அந்தப் பேச்சு வெறும் வதந்தியாகக் கேட்காது என்பதையும் நான் அறிவேன். எனவே சட்டத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவின் 2017ஆம் ஆண்டுச் சிறுவர், இளையோர், குடும்ப சேவைகள் சட்டத்தின்படி, பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்திருக்கலாம் என்று நியாயமான சந்தேகம் எழுந்தால் அதை அந்த நிறுவனத்துக்கு அறிவிக்கும் கடமை எல்லாருக்கும் உண்டு. ஆசிரியர் அதிபரிடம் சொல்லிவிட்டு இருந்துவிட முடியாது, தாமே நேரடியாக அறிவிக்க வேண்டும், தவறினால் அவர்மீது குற்றம் சுமத்தப்படலாம். ஆகவே அறிவிக்கிற ஆசிரியரை உங்கள் பகைவராக எண்ணாதீர்கள். அறிவித்ததும் பிள்ளையைத் தூக்கிச் செல்வது வழக்கமல்ல. பெரும்பாலான விசாரணைகளில் பிள்ளை தன் வீட்டிலேயே இருக்கிறது. பிரித்தெடுப்பது வேறு வழியில் பாதுகாக்க முடியாதபோது மட்டுமே.

அடித்ததைப் பற்றி நீங்கள் நேராக எழுதியிருக்கிறீர்கள்; நேராகவே சொல்கிறேன். கனடாவின் உச்ச நீதிமன்றம் 2004இல், பெற்றோர் கண்டிப்புக்காகப் பயன்படுத்தும் பலத்துக்குக் குற்றவியல் சட்டத்தின் 43ஆம் பிரிவு தரும் பாதுகாப்பை நீக்காமல், அதைக் குறுக்கியது. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கும் பதின்ம வயதினருக்கும் அது பொருந்தாது. பொருளால் அடிப்பதும் தலையில் அல்லது முகத்தில் அடிப்பதும் அதற்குள் வராது. கோபத்தில், ஆற்றாமையில் கை நீள்வதும் வராது. 'கோபத்தில் அடித்துவிட்டேன்' என்று நீங்கள் எழுதியதை இந்தக் கடைசி வரியோடு வைத்துப் பாருங்கள். ஒருமுறை கையில் அடித்ததற்காகப் பிள்ளையை இழந்துவிடுவீர்கள் என்று பயப்பட வேண்டியதில்லை; ஆனால் அது சட்டத்தின் பாதுகாப்புக்குள் நிற்கும் செயலும் இல்லை. 'அடியாத மாடு படியாது' என்று கேட்டு வளர்ந்தவர்கள்தான் நானும் நீங்களும். அதை இங்கே நடைமுறையாக்கினால், பிள்ளை ஒன்றை மறைக்கக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். உங்கள் வீட்டில் இப்போது நடந்திருப்பது அதுதான்: அடி ஒன்று, அதை மறைக்க இட்ட தடை நூறு கேள்விகளுக்கு.

எனவே, ஆசிரியையைச் சந்திக்குமுன் பிள்ளையிடம் பேசுங்கள். மாமியாரும் பக்கத்தில் இருப்பது மிக நல்லது. தடையைப் போட்டவர் வாயாலேயே அது நீங்க வேண்டும். 'பள்ளிக்கூடத்தில் நீ எதையும் சொல்லலாம். நாங்கள் சாப்பிட்டது, போனது, சண்டை பிடித்தது எல்லாம் சொல்லலாம். ரீச்சர் உன் வீட்டைப் பற்றிக் கேட்டால் உன்னைப் பிடித்ததால்தான் கேட்கிறா' என்று அவனுக்கு விளங்கும் சொல்லில் சொல்லுங்கள். 'அம்மா அன்று அடித்தது பிழை, இனி அடிக்க மாட்டேன்' என்பதையும் சேர்த்துச் சொல்ல உங்களால் முடியுமானால் அந்தத் தடை இன்னும் சுலபமாக அவிழும். பிள்ளையிடம் பிழை ஒப்புக்கொள்வது நம் வீடுகளில் வழக்கமில்லைதான். முதல் நாளிலேயே பேசத் தொடங்கிவிடுவான் என்று எதிர்பார்க்காதீர்கள்; வட்டத்தில் அவன் முறை வரும்போது சொல்ல ஒரு வாக்கியத்தை ஞாயிறு இரவே இருவருமாகத் தயார் செய்து அனுப்புங்கள். 'நான் அப்பாவுடன் பனியில் நடந்தேன்' என்பது போதும்.

அடக்கம் குறையா என்று மாமியார் கேட்டது நல்ல கேள்வி. குறையில்லை, அதை அவனிடமிருந்து பறிக்கவும் வேண்டாம். ஆனால் அதே நன்னூல், 'வினாதல் வினாயவை விடுத்தல்' என்று, கேள்வி கேட்பதையும் கேட்டதற்கு விடை சொல்வதையும் மாணவனின் கடமைகளுள் வைத்து, இவற்றால் அறியாமை நீங்கும் என்கிறது. சித்திரப் பாவையைச் சொன்ன புலவரேதான் இதையும் சொன்னார். நம் வீடுகளில் முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை மறந்துவிட்டோம் என்பது என் குறை. அப்பம்மாவே ஒவ்வொரு மாலையும் 'இன்றைக்கு ரீச்சரிடம் என்ன கேட்டாய்?' என்று அவனிடம் கேட்பாராக இருந்தால், கேள்வி கேட்பது எதிர்த்துப் பேசுவது அல்ல என்று பிள்ளைக்கு விளங்கிவிடும். என்ன படித்தாய் என்று கேட்க வேண்டாம். அதற்கு 'ஒன்றுமில்லை' என்ற பதில்தான் எல்லா நாட்டிலும் வரும்.

வீட்டில் ஆங்கிலம் மட்டும் என்ற உங்கள் கணவரின் யோசனையை நான் முழுமையாக மறுக்கிறேன். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஜிம் கமின்ஸ் இந்த நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளின் தரவுகளைக் கொண்டு 1981இலேயே காட்டியது என்னவென்றால், குடியேறிய பிள்ளைக்கு விளையாட்டுத் திடல் ஆங்கிலம் ஓரிரு ஆண்டுகளில் வந்துவிடுகிறது. பாடத்துக்குரிய ஆங்கிலத்தில் சக மாணவர்களை எட்டிப் பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன. பதினான்கு மாதங்கள் என்பது பாதி வழிகூட இல்லை. வீட்டு மொழி வலுவாக இருப்பது இரண்டாம் மொழிக்கு உரம் என்பதையும் அவர் தொடர்ந்து வலியுறுத்தி வந்திருக்கிறார். தவிர, உங்கள் மகன் வாய் ஓயாமல் பேசுகிற ஒரே மொழியை அவனிடமிருந்து எடுத்துவிட்டால் வீட்டிலும் மௌனம்தான் மிஞ்சும்.

சாப்பாட்டுப் பெட்டிக்குக் காரணம் அனேகமாக எளிது. வீட்டில் யாராவது தீத்திவிடுகிறீர்களா? நம் வீடுகளில் ஆறு வயதிலும் அது அன்பின் ஒரு வடிவம்; எனக்கு அதில் பிழை தெரியவில்லை. ஆனால் பள்ளியில் குறுகிய நேரத்துக்குள் தானே பெட்டியைத் திறந்து, தானே உண்டு, தானே மூட வேண்டும். இரவுச் சாப்பாடு அப்பம்மா கையால் இருக்கட்டும்; சனி, ஞாயிறு மதியம் பள்ளிப் பெட்டியிலேயே போட்டு, மணிக்கூட்டைப் பார்த்துத் தானாகச் சாப்பிடட்டும். இறுகிய மூடி, குழைந்த சோறு, குழம்பு ஆகியவற்றைத் தவிர்த்து, கையில் எடுத்துக் கடிக்கக் கூடியதாகக் கொடுங்கள். 'தனித்துச் செயற்படல்' என்று ஆசிரியை எழுதும்போது அவர் மனத்தில் பெரும்பாலும் இருப்பது குளிர்கால உடுப்பு. இருபது பிள்ளைகளுக்கு ஒருவர் நின்று 'சிப்' இழுத்துவிட முடியாது. முதலில் பனிக் காற்சட்டை, பின்பு சப்பாத்து, பின்பு மேலங்கி, தொப்பி, கடைசியாகக் கையுறை என்ற வரிசையை விளையாட்டாகப் பழக்குங்கள். கையுறையை முதலில் போட்டுவிட்டு 'சிப்' இழுக்க முடியாமல் அழுத பிள்ளைகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். ஒரு வாரப் பயிற்சியில் அந்த 'எஸ்', 'ஜி' ஆகலாம்.

ஆதரவுக் குழுவைப் பற்றி: மறுக்காதீர்கள். அதிபர், வகுப்பாசிரியை, விசேட கல்வி ஆசிரியர், ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் போன்றோர் கூடி என்ன செய்யலாம் என்று யோசிக்கும் கூட்டம் அது. அங்கே யாரும் உங்கள் பிள்ளைக்குப் பெயர் சூட்டிவிட முடியாது. உளவியல் மதிப்பீடு செய்வதாயின் உங்கள் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அப்படி ஒன்றைக் கேட்டால், ஆங்கிலத்துக்கு வந்து பதினான்கு மாதமேயான பிள்ளையை ஆங்கிலத்திலேயே அளந்தால் எது குறைகிறது, மொழியா ஆற்றலா என்று எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேளுங்கள். அவர்களிடம் அதற்கு ஒழுங்கான பதில் இருக்க வேண்டும்.

கூட்டத்துக்குப் போகும்போது, பொதுவான சொற்களை விட்டுவிட்டு நடந்ததைக் கேளுங்கள். 'கண்ணைப் பார்ப்பதில்லை' என்றால் யாரிடம், எப்போது? கண்டிக்கும்போதா, கதை சொல்லும்போதுமா? 'காத்திருக்கிறான்' என்றால் எவ்வளவு நேரம், அதன்பின் யார் என்ன சொன்னால் தொடங்குகிறான்? அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டியவையும் உண்டு: தலைச்சாய்ப்பு 'ஓம்' என்று பொருள்படும், நிலம் பார்ப்பது மரியாதை, தெரிவு செய்யச் சொல்வதற்குப் பதில், முதல் சில வாரங்களுக்கு, 'இன்று நீ கட்டைகளில் தொடங்கு, பிறகு உனக்கு விருப்பமான இடத்துக்குப் போ' என்று தொடக்கத்தை மட்டும் அவர் கையில் வைத்துக்கொள்ளலாம். அரிசியில் எழுதிய கையைப் போல, கொஞ்சம் பிடித்துவிட்டு விட்டால் போதும். வீட்டுக் கேள்விகளுக்கு அவனுக்கு ஒரு தடை இருந்தது, அதை நீக்கியிருக்கிறோம் என்பதையும் சொல்லுங்கள். ஏன் தடை என்று அவர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்; அதன்பின் அவர் ஏதும் அறிவிக்க நேர்ந்தாலும், மறைத்த தாயாக அல்லாமல் தானே முன்வந்து சொன்ன தாயாக இருப்பீர்கள்.

உங்கள் ஆங்கிலம் போதாது என்று தோன்றினால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள். பள்ளி ஒழுங்கு செய்யும். ஒன்ராறியோவின் பல பள்ளிகளுக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு உதவவென்றே குடியேற்ற உதவிப் பணியாளர்கள் வருகிறார்கள். உங்கள் பள்ளிக்கு யார், எந்த நாளில் வருகிறார் என்று அலுவலகத்தில் விசாரியுங்கள். உறவினர் வீட்டுப் பெரிய பிள்ளை யாரையாவது மொழிபெயர்க்க அழைத்துச் செல்வதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்; அந்தப் பிள்ளைக்கு அந்தக் கூட்டத்தில் கேட்கக் கூடாத பேச்சு இருக்கும்.